நடக்குதா, முடிஞ்சுதா?

கருக்கம்பாளையம்,
ஆனி 11.

மதிப்பிற்குரிய தர்ஷினி அவர்களுக்கு,

என் பெயர் லோகநாதன். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. உங்கள் அம்மா தெய்வானை வேலை பார்த்த தேங்காய்க் களத்துக்கு எதிரே இருக்கும் எண்ணெய் ஆலையில், சரக்கு அனுப்பும் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். கருமாதி அன்று பந்தலின் கடைசியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நீங்கள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

"நாந்தான் எங்கம்மாளக் கொன்னுபோட்டேன். நடக்குற வயசச் சொல்லாதே, முடிஞ்ச வயசச் சொல்லுன்னு நாந்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

பக்கத்திலிருந்த ஒரு அம்மா உங்கள் வாயைப் பொத்தினார். நீங்கள் அந்தக் கையையும் தட்டிவிட்டு அதையே மறுபடி சொன்னீர்கள்.

நீங்கள் சொன்னது தவறு. ஏன் தவறு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது. எனக்கு எதையும் நடந்த வரிசையில்தான் சொல்ல வரும். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு வருடம் முன்பு, வெயில் நாற்பத்தேழைத் தொட்ட அந்தச் சித்திரையில்தான் வெயிலில் வேலை செய்கிறவர்கள் ஒதுங்க ஊர் ஊருக்குக் குளிர்கூடம் கட்டினார்கள். நம் ஊரில் அது எடைமேடைக்கு எதிரே வந்தது. நாற்பது நாற்காலி. ஆள் வைத்தால் தெரிந்தவர்களை உள்ளே விடுகிறார்கள் என்று புகார் வந்து, கதவையே முடிவு செய்ய விட்டார்கள். கதவு வயதைக் கேட்கும், நெற்றிச் சூட்டை அளக்கும், பிறகு திறக்கும் அல்லது திறக்காது. அறுபது நிறைந்தவர்களுக்குக் கட்டாயம் திறக்க வேண்டும் என்பது உத்தரவு. தேங்காய் உடைக்கிறவர்கள் களத்துக்கு அடையாள அட்டை கொண்டுவருவதில்லை. அதனால் வாயால் சொல்வதையே கதவு நம்பும்.

அதற்கு அடுத்த வருட வெயிலில்தான் என் போனில் 'வாசல்' என்ற புதிர் விளையாட்டு வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆலையில் எல்லோரும் மூட்டை மேல் படுத்துவிடுவார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார் ஒருவர் எட்டாம் வகுப்பிலேயே பைத்தான் என்ற கணினி மொழியைச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரே ஒரு கம்ப்யூட்டர், நாற்பத்தாறு பேர். பெரும்பாலும் நோட்டில் எழுதித்தான் பழகினோம். அது கையில் தங்கிவிட்டது.

எடைமேடை ரத்தினசாமி அண்ணன் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"ஏனப்பா, போன்ல கடுதாசி எழுதறயா?"

"இல்லீங்கண்ணா, வெளயாட்டு. பொம்மை ஒண்ணொண்ணா வரும். யார உள்ள உடறது, யார நிறுத்தறதுன்னு நாம கதவுக்குச் சொல்லோணும்."

"கதவுக்கு எங்கப்பா காது?"

"எழுதிக் குடுத்தாப் புரிஞ்சுக்கும். இப்பிடி இருந்தா தொற, இல்லாட்டித் தொறக்காதே. அவ்வளவுதான். நாமெல்லாம் பேசற மாதிரிதான், என்ன, நடுவுல மழுப்ப முடியாது."

"மழுப்பாம எப்பிடிடா ஒருத்தன் பொழைக்கறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குறைந்த வரியில் எழுதினால் கூடுதல் மதிப்பெண். உள்ளே வர வேண்டியவரை நிறுத்திவிட்டால் ஒரு மதிப்பெண் போகும். வர வேண்டாதவரை விட்டுவிட்டால் இரண்டு போகும். அது ஏன் அப்படி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. விளையாட்டின் விதி என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

பதினேழாம் கட்டம் வந்தது. இருநூறு பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே எண், வயதும் சூடும். வயது அறுபதும் அதற்கு மேலும், அல்லது சூடு முப்பத்தொன்பதும் அதற்கு மேலும் என்றால் திற என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் எழுதினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. யாருமே அதைத் தாண்டவில்லை. மூன்று நாள் அந்த இருநூறையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தேன். தப்பெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருந்தது. வயது அறுபது என்று வந்தவர்களில் பாதிக்கு மேல், விடைத்தாளின்படி உள்ளே விடக் கூடாதவர்கள்.

நான்காம் நாள் ஆலையில் ஒரு லாரி டிரைவர் வந்து கையெழுத்துப் போட்டார். வயது என்ன என்று கேட்டேன். "நாப்பத்தஞ்சு நடக்குதுங்க" என்றார். நோட்டில் நாற்பத்தைந்து என்று எழுதப் போனவன் பேனாவை அப்படியே நிறுத்தினேன்.

நம் பக்கத்தில் யாரும் முடிந்த வயதைச் சொல்வதில்லை. அறுபது நடக்குது என்றால் முடிந்தது ஐம்பத்தொன்பது. அந்த எண்களை யாரோ வாய்ச்சொல்லாகக் கேட்டுப் பதிந்திருக்கிறார்கள். இயந்திரம் 'அறுபது' என்ற எண்ணை வைத்துக்கொண்டு, 'நடக்குது' என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டது. அப்படியென்றால் உண்மையில் அறுபது நிறைந்தவர் அறுபத்தொன்று என்றுதான் சொல்வார். நான் ஒரே ஒரு குறியை எடுத்தேன். 'அறுபதும் அதற்கு மேலும்' என்பதில் இருந்த சமக்குறியை எடுத்துவிட்டு, வெறும் 'அறுபதுக்கு மேல்' என்று ஆக்கினேன். இதுதான் அந்த விதி, எழுத்துப் பிசகாமல்:

if வயது > 60 or சூடு >= 39:
    return True
return False

தொண்ணூற்றெட்டு வந்தது. நாடு முழுக்க முதல் இடம். பொய் சொல்கிறவர்களை எப்படிப் பிடிப்பது என்றுதான் மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மை சொல்கிறவர்களிலேயே இரண்டு வகை உண்டு என்பது எனக்குத்தான் தோன்றியது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஒரு வாரத்தில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. நிரஞ்சனா என்று ஒரு அம்மையார். விளையாட்டை நடத்துகிற நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர்.

"சார், அந்த ஒரு சமக்குறிய எடுத்தீங்களே, எப்படித் தோணுச்சு? எங்க டீம்ல எட்டு பேர் மூணு மாசமா அதையே பாத்துட்டு உக்காந்திருந்தோம்."

நான் லாரி டிரைவர் கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க வீட்லயும் அம்மா அப்படித்தான் சார் சொல்லுவாங்க. பக்கத்துலயே வச்சுக்கிட்டுத் தேடியிருக்கோம் பாருங்க. சார், ஒரு சந்தோஷமான விஷயம். உங்க விதி போன திங்கக்கிழமைலேர்ந்து நிஜக் கதவுல ஓடுது. நூத்தி நாப்பது கூடம்."

"நிஜக் கதவுன்னா?"

"குளிர்கூடம் சார். உங்க ஊர்லயும் இருக்குமே? விளையாட்டுல வந்த ஆளுங்க எல்லாம் அங்க வந்து நின்னவங்கதான். பேர மட்டும் எடுத்துட்டுக் குடுத்தோம்."

எனக்குப் பயம் வரவில்லை, பெருமைதான் வந்தது. பிறகுதான் ஒன்று கேட்டேன். கேட்டேன் என்பதால்தான் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"மேடம், முடிஞ்ச வயசையே சொல்றவங்க வந்தா?"

"பாத்தோம் சார். ரெண்டு சதவீதம்தான்."

நான் "செரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த வெயில் முழுக்க எடைமேடைப் பக்கம் போகும்போதெல்லாம் கதவைப் பார்ப்பேன். திறந்தால் எனக்குள் ஏதோ திறக்கிற மாதிரி இருக்கும். ரத்தினசாமி அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "அடேங்கப்பா, வெயிலுக்கே வாட்ச்மேன் வெச்சுட்டியேடா" என்றார்.

இனி இந்த வருடச் சித்திரை பதினெட்டு. உங்களுக்கு வந்த அறிக்கையில் நேரமும் எண்ணும்தான் இருந்திருக்கும். நடந்ததைப் பார்த்தவர் ரத்தினசாமி அண்ணன். எடைமேடை அறையின் ஜன்னல் நேராகக் கூடத்தைப் பார்த்து இருக்கிறது. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மணி பதினொன்று ஐம்பது. உங்கள் அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு களத்திலிருந்து வந்தார். முன்னால் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் திறந்தது. பிறகு கதவு கேட்டது, "வணக்கம். தங்கள் வயது என்ன?"

உங்கள் அம்மா நேராக நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, "அறுபதுங்க" என்றார்.

நெற்றிச் சூடு முப்பத்தெட்டு புள்ளி நான்கு என்று கதவில் எரிந்தது. கதவு சொன்னது, "மன்னிக்கவும். தங்களுக்கு இப்போது அவசியமில்லை."

அம்மா கதவைப் பார்த்து, "செரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

"ஒரு வார்த்தை எதுத்துப் பேசலடா அந்தக்கா" என்றார் அண்ணன். "அதுகிட்டப் போயி செரிங்க சாமிங்கறா. நான் கூப்படலாம்னு எந்திரிக்கறேன், ஒரு வண்டி வந்து மேடையில ஏறிருச்சு. எட போட்டுட்டுப் பாக்கறேன், ஆளக் காணோம். உள்ள பதினோரு சேரு சும்மாக் கெடந்துச்சு லோகு. பதினோரு சேரு."

ஒன்றரை மணிக்குக் களத்துத் தார்ப்பாய்க்குக் கீழே அவர் விழுந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் உங்களுக்குத் தெரியும்.

'வருகையாளர் அளித்த தகவலின் அடிப்படையில் முடிவு எடுக்கப்பட்டது' என்று நிறுவனம் உங்களுக்கு எழுதியிருக்கிறது. அந்த வாசகத்தைப் படித்துத்தான் நீங்கள் உங்கள் மேல் பழியைப் போட்டுக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். களத்தில் மற்ற பெண்கள் எல்லாம் நடக்கிற வயதைச் சொல்லி உள்ளே போனார்கள், அம்மா நீங்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லி வெளியே நின்றார் என்று. நடந்தது அதுதான். ஆனால் அம்மா தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கதவு கேட்டதற்கு அந்த வரிசையிலேயே மிகச் சரியாகப் பதில் சொன்னவர் அவர்தான். நீங்கள் சொல்லிக்கொடுத்ததும் சரி. எல்லோரும் தப்பாகச் சொல்வார்கள் என்று நம்பி ஒரு விதி எழுதப்பட்டிருந்தது. அதன் முன்னால் சரியாகச் சொன்ன ஒருவர் வந்து நின்றார். எழுதியவன் நான்.

கருமாதி முடிந்த மறுநாளே நிரஞ்சனா அம்மையாரை அழைத்தேன். சமக்குறியைத் திரும்பப் போடுங்கள் என்றேன்.

"போட்டா என்ன ஆகும்னு ஓட்டிப் பாத்துட்டுத்தான் சார் சொல்றேன். அறுபது நடக்கறவங்க எல்லாம் உள்ள வந்துருவாங்க. பன்னெண்டு மணிக்கே நாப்பது சேரும் நெறஞ்சிரும். அதுக்கப்புறம் நாப்பது டிகிரி சூட்டோட வர்ற ஆளுக்கு எடம் இருக்காது. போன வருஷம் அப்படி உங்க விதியால எடம் கெடச்சவங்க நூத்திப் பன்னெண்டு பேர் சார். அவங்கள வெளிய நிறுத்தச் சொல்றீங்களா?"

"அன்னிக்குப் பதினோரு சேரு காலியா இருந்துச்சுங்க."

"அன்னிக்கு. கதவுக்கு அடுத்த மணி நேரம் தெரியாது சார். உங்களுக்கும் தெரியாது."

"அப்பக் கதவு இன்னொரு கேள்வி கேக்கட்டும். நடக்குதா, முடிஞ்சுதா? ரெண்டே வார்த்தைதானுங்க?"

"நாலு செகண்டு சார். ஒரு ஆளுக்கு நாலு செகண்டு கூடினா வரிசை எவ்வளவு நீளும், வெயில்ல எத்தனை பேர் கூட நிப்பாங்கன்னு அதையும் கணக்குப் போட்டாச்சு. நான் ஒண்ணும் கல்லு இல்ல சார். அந்த அம்மாவோட பதிவ நாலு தடவ கேட்டேன். அதுல ஒரு இடத்துல..." அவர் முடிக்கவில்லை. "அடுத்த கட்டமா வைக்கறோம். யாராவது கண்டுபிடிப்பாங்க" என்றார்.

கெட்டவர் என்று அவரை எழுத என்னால் முடியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நடந்த வரிசையில் சொல்கிறேன் என்று மேலே எழுதிவிட்டு, ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். முதல் நான்கு கடிதத்தையும் கிழித்தது அந்த இடத்தில்தான். இப்போது எழுதுகிறேன்.

சித்திரை பதினான்கு. காலை பத்து மணி இருக்கும். ஆலைக்கும் களத்துக்கும் நடுவில் இருக்கும் டீக்கடையில் உங்கள் அம்மா பன் வாங்கிக்கொண்டிருந்தார். முன்னால் எங்களுக்குள் பேச்சு கிடையாது, முகம் பார்த்தால் தலையாட்டுவோம். அன்றைக்கு அவராகவே பேசினார்.

"ஏந்தம்பி, நீதான் அந்தக் கதவு வேலையெல்லாம் தெரிஞ்ச தம்பியாமா? ரத்தினசாமி சொன்னாப்படி."

"கொஞ்சம் தெரியுங்கக்கா."

"எனக்கு அறுபது. என்ற புள்ள ஓசூர்ல இருந்து போன்ல எனக்கு வயசு சொல்லிக் குடுக்கறா பாத்துக்க. பெத்தவளுக்கே! ஆபீசுல கேட்டா முடிஞ்சதச் சொல்லோணுமாமா, நடக்கறதச் சொன்னா தப்பாமா. தெனமும் ஒருக்காச் சொல்லச் சொல்லிக் கேப்பா." சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. கடைக்காரரிடமும் திரும்பி, "என்ற புள்ள" என்றார். பிறகு என்னைக் கேட்டார், "அறுபதுன்னா அது தொறக்குமில்ல தம்பி? வரிசையில நின்னு, தொறக்காமப் போச்சுன்னா நாலு பேரு முன்னால அசிங்கம்."

"நடக்குதா, முடிஞ்சுதாங்கக்கா?"

"முடிஞ்சு மூணு மாசமாச்சு."

"அப்பத் தொறக்குங்க. தெகிரியமாப் போங்க" என்றேன்.

கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்டேன், தர்ஷினி. பதிலும் சரியாக வந்தது. அறுபது நிறைந்தவருக்குத் திறக்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும்தான் அந்த நேரம் என் தலைக்குள் இருந்தது. கதவில் ஓடுவது உத்தரவு அல்ல, என் வரி என்பது நினைவில் இல்லை. ஒரு வருடம் கழிந்திருந்தது. டீ சூடாக இருந்தது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. 'கதவுகிட்ட மட்டும் அறுபத்தொண்ணுன்னு சொல்லுங்கக்கா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான்கு நொடிகூட ஆகாது.

ஆகவே, அம்மாவுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது யார் என்றால், நீங்கள் இல்லை. கடைசியாகக் கேட்டது என்னிடம்.

இதை நீங்கள் உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டலாம், வக்கீலிடம் காட்டலாம், போலீசில் கொடுக்கலாம். கையெழுத்து என்னுடையதுதான் என்று எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்வேன்.

இன்னொரு விஷயம். பதினெட்டாம் கட்டம் வந்துவிட்டது. அதில் எழுபது பேர், ஒரே மத்தியானம். நாற்பத்தொன்றாவதாக வருகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும், அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிருப்பார்கள். நான் தினமும் எழுதிப் பார்க்கிறேன். சமக்குறியைப் போட்டால் நாற்பத்தொன்று உள்ளே வருகிறார், அறுபத்து மூன்றாவதாக வருகிறவர் வெளியே விழுந்துவிடுகிறார். அவரைக் காப்பாற்றினால் ஐம்பத்தைந்தாவது ஆள் விழுகிறார். யாராவது ஒருவர் எப்போதும் வெளியே நிற்கிறார். இதுவரை நாடு முழுக்க யாருக்கும் முழு மதிப்பெண் வரவில்லை. முதலிடத்தில் இருப்பது இப்போதும் என் பழைய விதியேதான்.

அந்தக் கட்டத்துக்கு 'ஓடாத விடைகள்' என்று ஒரு பக்கம் உண்டு. எழுதிச் சிக்கிக்கொண்டவர்களுக்கு மற்றவர்கள் வழி சொல்வதற்காக. அதில் பெயர் இருக்காது, ஊர் மட்டும் தெரியும். ஆனி ஒன்றாம் தேதியிலிருந்து ஓசூரிலிருந்து ஒருவர் ஒரே விடையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறார். நேற்று வரை முப்பத்தாறு முறை. எழுதிப் பழகாத கை என்று பார்த்தாலே தெரிகிறது.

if எண் == 41
    return True   # அம்மா உள்ள போ
return False

முப்பத்தாறு முறையும் அது ஓடாமல் நின்றதற்குக் காரணம் சின்னது. முதல் வரியில் 41-க்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. அதைப் போடுங்கள். மதிப்பெண் எதுவும் வராது. ஒரே ஒருவருக்காக எழுதிய விதியை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்ற அறுபத்தொன்பது பேரும் வெளியே நிற்பார்கள்.

ஆனால் கதவு திறக்கும். உருவம் வெறும் கோடுதான், முகம் கிடையாது. கொஞ்சம் தயங்கி, உள்ளே வந்து, இடது பக்கம் மூன்றாவது நாற்காலியில் உட்காரும். நான் போட்டுப் பார்த்தேன்.

லோகநாதன்